எட்மண்டின் பச்சைப் பவளம்

கரோலின் கட்டரை அழுத்தினாள். பச்சைக் கிளை 'டொக்'கென்று ஒடிந்து பேசினில் விழுந்தது.

"அடிப்பாவி, இன்னா காரியம் பண்ற நீ?" வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அலறினாள் ஆனி.

அவள் தம்பி எட்மண்ட் நெஞ்சு வலியில் போய் வருஷப் பூசைகூட இன்னும் ஆகவில்லை. அது அவன் வளர்த்த பவளம். ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, சுண்டுவிரல் அளவு துண்டாக வாங்கி வந்து, புதர் மாதிரி ஆக்கியிருந்தான். பெங்களூரு ரயிலைப் பிடிக்கிற அவசரத்திலும் அதன் எதிரே ஒரு நிமிஷம் நிற்காமல் கிளம்ப மாட்டான். பெண்டாட்டி கரோலினை அப்படி நின்று பார்த்தானா என்பது சந்தேகம்தான்.

"வாங்க அண்ணி, உக்காருங்க. உங்களுக்குத்தான் வெட்டினு கீறேன்," என்றாள் கரோலின். கையில் ரப்பர் உறையும் கண்ணில் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியும் போட்டிருந்தாள்.

ஆனி உட்காரவில்லை. பெங்களூரிலிருந்து வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த சண்டை அது, உட்கார்ந்தால் ஆறிப்போய்விடும். பக்கத்து வீட்டு நேசமணி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். விநாயக் என்று ஒருத்தன் காரில் வருகிறானாம், கரோலினை ஏற்றிக்கொண்டு போகிறானாம், பொழுது சாய்ந்துதான் கொண்டுவந்து விடுகிறானாம்.

நாத்தனாரின் கண் மேலும் கீழும் அளந்தது. நேசமணி சொன்னது சரிதான். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் மாதிரி இளைத்திருந்தாள் கரோலின்.

"உடம்பெல்லாம் கொறைச்சிக்கினு ஜோரா கீற."

"ஆமா அண்ணி." கரோலின் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஆனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு அந்த விநாயக்கு?"

"அவரோட ஃபிரண்டு அண்ணி. பெங்களூருக்கு வேலை இருந்தா கார்ல இட்டுனு போறாரு."

"பெங்களூரு வரைக்கும் வர்றவளுக்கு என் வீட்டுக்கு வழி தெரியல, இல்ல?"

கரோலின் அடுத்த கிளையைப் பார்த்துக் கட்டரை வைத்தாள்.

"இரு இரு, பச்சைப்பசேல்னு நல்லாத்தானே கீது! எதுக்குடி வெட்டற?"

"அடியில பாருங்க."

ஆனி வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். மேலே அத்தனை கிளையும் பச்சை. அடித்தண்டு மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

"சதை உரிஞ்சினு வருது அண்ணி. அடியிலேர்ந்து மேல ஏறும். மருந்து கிடையாது."

"கொஞ்ச நாள் விட்டுப் பாக்கறது."

"விட்டா நுனிக்கும் வந்துடும். அவரு சொல்லுவாரு, வெளுப்புக்குக் கிட்ட வெட்டக் கூடாது, நல்லா தள்ளி, உயிரு கெட்டியா கீற எடத்துல வெட்டணும்னு. அப்பதான் நுனியாவது வேற தண்ணியில பொழைக்கும்."

ஒடிந்த கிளையை அயோடின் கலந்த பழுப்புத் தண்ணீரில் அலசினாள். வட்டக் கல் வில்லை ஒன்றில் பசையைப் பொட்டு வைத்து, கிளையை நட்டு, காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது. தப்பு செய்கிற கை நடுங்கத்தான் செய்யும் என்று ஆனி நினைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து எட்டு வயது ஐடா ஓடி வந்து ஆனியைக் கட்டிக்கொண்டாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குக் கீழே.

"அத்தை, நானே பின்னிக்கினேன்! அம்மா கத்துக்குடுத்துச்சு!"

"ஏன், பின்னி விடக்கூட உங்கம்மாவுக்கு நேரம் இல்லையாமா?"

"ஐடா, கடைக்குப் போயி அத்தைக்கு ஒரு சோடா வாங்கினு வா," என்றாள் கரோலின். குழந்தை குதித்துக்கொண்டு போனது.

பிறகு ஒவ்வொரு துண்டாகத் தண்ணீர்ப் பையில் விட்டு, காற்றடைத்துக் கட்டி, தெர்மகோல் பெட்டியில் அடுக்கினாள். பேசினில் வெளுத்த தண்டு மட்டும் மிஞ்சியது.

"எல்லாமே எனக்கா? உனக்கு ஒண்ணுகூட வெச்சிக்கல?"

"இந்தத் தண்ணியில வேணாம் அண்ணி. உங்க வீட்டுத் தொட்டியும் அவரு வெச்சுக் குடுத்ததுதானே? அங்க வளரட்டும்."

ஆனிக்குக் கண் கலங்கியது. கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. "என் தம்பி நெனப்பே இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்ட."

கரோலின் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். ஜிப் மூடாத பைக்குள் ஐடாவின் துணிகள் தேய்த்து அடுக்கியிருந்தன.

"இவளையும் இன்னிக்கே இட்டுனு போயிடுங்க அண்ணி. உங்க பக்கத்து ஸ்கூல்ல பேசிட்டேன்."

ஆனி வெடித்தாள். "பெத்த பொண்ணுடி அவ! கட்டிக்கப் போறவன் அவளையும் வேணாம்னுட்டானா?"

அந்தச் சத்தம் நேசமணி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கரோலின் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். ஐடா வந்துவிட்டாளா என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கார்ல போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் அண்ணி. அவங்கப்பா போனத பக்கத்துல இருந்து பாத்துட்டா, நான் போறதையும் அவ பாக்க வேணாம்."