ஆடு என்றாள்

"ஆடுன்னுட்டா, மேடம்! என்னை! முகத்துக்கு நேரா!"

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்று முறையிட்டதும் வகுப்பு குபீரென்று சிரித்தது.

நூலகத்தின் மாடியில், குழந்தைகள் பிரிவின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பெற்றோர்கள். பிள்ளைகள் இணையத்தில் பேசும் பாஷையைப் பெரியவர்களுக்குப் புரியவைக்கும் சனிக்கிழமை வகுப்பு அது.

"ஹெட்போன் உடைஞ்சுபோச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. பத்தே நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்தேன். தேங்க்ஸ் சொல்லுவான்னு பார்த்தா, 'நீங்க கோட்'ங்கறா. கோட்னா ஆடுதானே? ஒரு வாரமா எனக்குச் சாப்பாடு இறங்கல."

வகுப்பெடுத்த இளம்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சார், அது திட்டு இல்ல, பாராட்டு. 'கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்'ங்கறதோட சுருக்கம். இதுவரைக்கும் பொறந்தவங்கள்லயே நீங்கதான் பெரிய ஆளுன்னு அர்த்தம்."

மெக்கானிக்கின் வாயெல்லாம் பல்லானது. பக்கத்தில் இருந்த மனைவியை முழங்கையால் இடித்தார். "கேட்டியா?"

"ரொம்பப் பீத்திக்காதீங்க" என்றாள் அவள். "மேடம், போன மாசம் அவ ஏதோ சொல்லிட்டு 'நோ கேப்'ன்னா. பாவம், பொண்ணுக்குத் தொப்பி இல்லையாமேன்னு இவர் கடை கடையா ஏறி இறங்கி சிவப்புத் தொப்பி வாங்கிக் குடுத்துட்டாரு!"

"அய்யோ! 'சத்தியமா, பொய்யில்ல'ன்னு சொல்லியிருக்கா. தொப்பியைப் பார்த்துட்டு என்ன சொன்னா?"

"விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் கழட்டவே இல்ல."

மெக்கானிக் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். வேலைக்குக் கொண்டுபோகும் நோட்டு அது. இடப்பக்கம் கேபிள் அளவுகள். வலப்பக்கம், 'க்ரிஞ்ச் - பார்க்கவே கூச்சமா இருக்கு'. நாலு வாரமாக ஒரு வகுப்பைக்கூட அவரும் மனைவியும் தவறவிடவில்லை.

"அப்ப, நாமளும் இப்படியே பேசணுமா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"தயவுசெஞ்சு வேண்டாம்! அவங்க மானம் போயிடும். புரியலன்னா கேளுங்க. கிண்டல் பண்ணாதீங்க, பயப்படாதீங்க. அவங்க சின்ன வயசுல மழலை பேசினப்ப என்ன பண்ணீங்க? அர்த்தம் கண்டுபிடிச்சு ரசிச்சீங்கல்ல? இதுவும் அப்படித்தான்."

பேக்கரிக்காரர் உருகிவிட்டார். "என் பையன் லாரியை 'யாயி'ம்பான்."

"எம்பொண்ணு மழையை 'மயே'ம்பா" என்றது இன்னொரு குரல். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மெக்கானிக்கும் மனைவியும் மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு மழலையில என்ன சொல்லுவா?" என்றாள் இளம்பெண்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதே, மேடம்" என்றாள் மனைவி, முகமெல்லாம் மலர. "பதினாலு வயசுப் பொண்ணு. இத்தனை நாளா குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பார்த்துட்டிருந்தோம். தத்தெடுத்து நாளைக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறோம்... எங்களுக்கு இதுதாங்க அவளோட மழலை!"