பாதி மலை

வாட்ச் மலையைப் பாதியாகக் காட்டியது.

காலையில் கலாராணி தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்திலிருந்து உச்சிக் கோவில் வரை ஓடி ஏறினாள். ஐந்நூறு மீட்டருக்குக் குறையாத ஏற்றம். வாட்சில் இருநூற்று நாற்பது. கிளப்புக்கு அதைத்தான் அனுப்ப முடிந்தது.

மத்தியானம் பதுளை ஓட்டக் கிளப் செயலாளர் ஜாபிர் போனில் கூப்பிட்டார்.

“என்ன தங்கச்சி, பாதி வழியில தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிட்டீங்களா?”

“இல்ல சேர், உச்சி வரைக்கும் போனேன். வாட்சுல ஏதோ கோளாறு. அப்புத்தளை ஸ்டேஷன் பலகையில எழுதியிருக்கிற உயரத்தைப் பாத்து, போன வாரம்தான் சரி பண்ணுனேன்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஊவா மாகாண டீமுல பொம்பளைக்கு ஒரு இடம்தான் இருக்கு. இருட்டுறதுக்குள்ள ஐந்நூறு காட்டி அனுப்புங்க. இல்லாட்டி அடுத்த ஆள்.”

“அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சேர்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு வந்த மாமியார் ஜெயலெட்சுமி கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கினாள்.

“யாரு, ஓட்டக்கார சேரா? மலை ஏறணும்னா கூடையை மாட்டிக்கிட்டு எங்கூட வா. தோட்டத்துத் தொரை சம்பளமாவது குடுப்பாரு.”

“சும்மா இருங்க அத்தை.”

“ரெண்டு புள்ள பெத்தவ. கால்சட்டை போட்டுக்கிட்டு லயத்து வீடுகளுக்கு முன்னால ஓடுறா. கை காலெல்லாம் துணி தோய்க்கிற சவக்காரம் வேற.”

“அட்டை கடிக்காம இருக்கப் பூசுறேன். நீங்களுந்தானே பூசுறீங்க?”

“நான் வேலைக்குப் பூசுறேன்.”

கலாராணி வாட்சையும் போனையும் மேசையில் போட்டுவிட்டு, சின்னவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போனாள்.

திரும்பி வந்தால் வாட்சைக் காணோம்.

அலுமினியச் சட்டியில் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில். தண்ணீர் வெளுத்துக் கலங்கியிருந்தது.

“ஐயோ! என்ன அத்தை செஞ்சீங்க?”

“நாறுச்சு. கழுவுனேன்.”

“சுடுதண்ணியிலயா? இன்னைக்குன்னு பாத்தா? நான் போகக்கூடாது. அவ்வளவுதானே ஒங்களுக்கு?”

லயமே எட்டிப் பார்த்தது. “பெத்த மகளா இருந்தா செய்வாளா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஜெயலெட்சுமி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

கலாராணி வாட்சைத் துடைத்தாள். வேலை செய்தது. அழ நேரமில்லை. மேற்கே மூட்டம் கட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஏறிய கால்கள் இன்னும் கடுத்தன. போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி, மறுபடி ஓடினாள்.

வழியில் வாட்சைப் பார்க்கப் பயம். இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். கோவில் வாசலில் நின்றுதான் பார்த்தாள்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

அங்கிருந்தே அனுப்பினாள். ஜாபிரிடமிருந்து பதில் வந்தது: “இப்ப சரி. பேர் போட்டாச்சு.”

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“பதுளையில வாட்ச் கடை, ஷப்ராஸ் பேசுறேன். உயரம் சரியா காட்டுதா அம்மா?”

“காட்டுது... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லா கேட்டீங்க! மத்தியானம் வாட்ச் பெட்டியில உள்ள கடை நம்பரைப் பாத்து, இந்த நம்பர்ல இருந்து என்னைப் போட்டு அந்த ஏச்சு ஏசினீங்க. ‘என் மருமக உச்சி வரைக்கும் ஏறுனதைக் கொழுந்து மலையில நின்னு என் கண்ணால பாத்தேன், ஒங்க வாட்சுதான் பொய் சொல்லுது’ன்னு. வாட்சுப் பக்கவாட்டுல காத்தை வச்சு உயரம் பாக்குற சின்ன ஓட்டையைச் சவக்காரம் அடைச்சிருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைங்க, ஊசி மட்டும் விட்டுராதீங்கன்னு நான்தானே சொன்னேன்?”

கலாராணி வாட்சைத் திருப்பி அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

“ஹலோ? ஜெயலெட்சுமி அம்மாதானே?”