இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல

"இதுதான் வருது. நேத்தும் இதேதான் வந்துச்சு" என்று மடிக்கணினியைத் தாலாயின் பக்கம் தள்ளினாள் அண்ணி புருல்சா.

முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அதன் கீழே ருஷ்ய மொழியில்: உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல. இந்தத் தளத்தின் பெயரில் வேறு யாரோ உங்கள் தகவல்களைத் திருட முயலலாம்.

தாலாய்க்கு இது பழகிய பக்கம். நாரின் நகரச் சந்தையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வாரத்துக்கு நாலு பேராவது இதைக் காட்டி, வைரஸ் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். பாதிப் பேருடைய போனில் தேதி தப்பாக இருக்கும். சரிசெய்து கொடுத்து அனுப்பிவிடுவான்.

இதில் தேதி சரியாகத்தான் இருந்தது. அக்டோபர் பதினேழு.

ஐந்து நாளைக்கு முன்னால் ருஷ்யாவில், கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்று எரிந்துபோனது. தாலாயின் அண்ணன் குபாத் அங்கேதான் தங்கியிருந்தான். அன்றிலிருந்து அவனுடைய போன் அணைந்தே கிடந்தது. மேஸ்திரி ஒரே ஒரு முறை எடுத்தார். இறந்தவர்களின் பட்டியலை மாகாணத் தளத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கப்புறம் அவரும் எடுக்கவில்லை.

அந்த முகவரியை அண்ணி முந்தாநாளே தாலாய்க்கு அனுப்பியிருந்தாள்.

கடையில் உட்கார்ந்து அதைத் திறந்தான். இதே பக்கம் வந்தது. 'பாதுகாப்புக்குத் திரும்பு' என்ற நீலப் பொத்தானை அழுத்திவிட்டு, யாருடைய போனையோ எடுத்து உடைந்த கண்ணாடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

அன்று மட்டும் ஆறு முறை திறந்தான். ஆறு முறையும் அந்த நீலப் பொத்தானையே அழுத்தினான்.

"என்னடா சொல்லுது அது?" என்று கேட்டாள் அம்மா. அடுப்புக்குப் பக்கத்தில் போர்சோக் பொரிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. எழுத்தெல்லாம் அவளுக்கு வெறும் கறுப்புக் கோடுகள்.

"அந்தத் தளத்துக்கு அவங்க நாடே சான்றிதழ் குடுத்திருக்கும்மா. நம்ம பிரவுசருக்கு அவங்களத் தெரியாது. அதான் நம்பாதேங்குது."

"பக்கத்து வீட்டு துர்கானும் தொறக்காதேன்னான். வீட்டுல இருக்கறதெல்லாம் திருட்டுப் போயிடுமாம்." அம்மா மாவைப் பலகையில் அறைந்தாள். "பதினோரு ஆடு இருக்கு. அதுல ஒண்ணு நொண்டி. வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லு. நீ தொற."

தாலாய் 'மேலும் விவரங்கள்' என்பதை அழுத்தினான். சின்ன எழுத்தில் நாலு வரி விரிந்தது. அடியில் மங்கலாக ஒரு வரி: தளத்துக்குச் செல், பாதுகாப்பற்றது.

மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை யோசிக்காமல் அழுத்திய வரி.

எண்ணெய் காயும் வாசம் வந்தது. அழுத்தினான்.

ஒரு சாதாரண அட்டவணை. எண், குடும்பப்பெயர், பெயர், பிறந்த ஆண்டு, ஊர். பத்தொன்பது பேர், அகர வரிசையில்.

மேலிருந்து கீழே படித்தான். கடைசிப் பெயரையும் படித்துவிட்டு மறுபடி மேலே வந்தான்.

அம்மா மாவிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"குபாத் இருக்கானா?"

"இல்லம்மா. குபாத்துன்னு ஒரு பேரே இல்ல."

அது உண்மைதான்.

அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் வெள்ளை.

"போனைத் தொலைச்சிருப்பான் கழுதை. வரட்டும், காதைத் திருகறேன்" என்றாள். பிறகு சட்டென்று எழுந்து, காலையில் பொரித்ததில் மீதியிருந்த போர்சோக்கைத் தட்டில் அள்ளிப் போட்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு துர்கான் வீட்டுக்குக் கிளம்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். வழக்கமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பவள், முற்றத்தை ஒரே வீச்சில் கடந்துபோனாள்.

அண்ணி இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அதை அவள் அணைக்கவும் இல்லை.

"தாலாய்" என்றாள் மெதுவாக. "உன் பேர் இருக்கா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குபாத்தை ருஷ்ய எல்லையில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. இந்த மார்ச்சில் அவன் மறுபடி கிளம்பியபோது, அவன் கோட்டுப் பையில் இருந்தது தம்பியின் பாஸ்போர்ட். இருவருக்கும் ஒரே முகவெட்டு. யாரும் கேள்வி கேட்கவில்லை. பையை ஊசி நூலால் தைத்து மூடிக் கொடுத்தவள் அண்ணி. அம்மாவிடம் மூன்று பேருமே சொல்லவில்லை.

தாலாய் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

இரண்டாவது வரி. அசான்குலோவ், தாலாய், 1996, நாரின்.

வெளியே வேலியோரமாக நின்று அம்மா உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பையன் பேரு அதுல இல்லையாம், துர்கான். என் பையன் பேரு இல்லையாம்."