ஏழா, எட்டரையா?

"ஏழா? உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா, மக்ரினா?"

ஃபிதென்சியோ மேஸ்திரி கையிலிருந்த பிஸ்டனை மேசைமேல் வைத்த வேகத்தில் காபி டம்ளர் ஆடியது. காலையிலேயே அவருக்குக் கடுப்பு. வெராக்ரூஸ் கடற்கரையிலிருந்து தம்பி போன் செய்து, "ஷெட்டு காலியாவே கிடக்குது, ஊருக்கு வாண்ணே" என்று மறுபடி நச்சரித்திருந்தான். "தனியா வந்து என்ன பண்றது?" என்று வைத்துவிட்டார். மனைவி இறந்த இந்த ஒன்பது வருடமும் இதே பதில்தான்; தெருவுக்கே அது மனப்பாடம்.

குவாவ்தெபெக் மேட்டில் ஓடும் வோச்சோ டாக்ஸிகளில் பாதி அவர் கை பட்டவை. வண்டு மாதிரி முதுகு வளைந்த அந்தப் பழைய கார்களுக்கு எஞ்சின் பின்பக்கம்; தண்ணீர் கேட்காமல் காற்றிலேயே சூடு ஆறிக்கொள்ளும். பிரித்து மாட்டும்போது கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை எத்தனை மடங்கு அழுத்துவது என்பதை மட்டும் முதலிலேயே சரியாக முடிவு செய்துவிட வேண்டும்.

"ஏழுதான் வேணும்," என்றாள் மக்ரினா. பன்னிரண்டு வருடமாகத் தனி ஆளாக அந்த மேட்டில் டாக்ஸி ஓட்டுகிறவள்.

"இந்த உயரத்துல காத்தே மெலிசு. நல்லா அழுத்தினாத்தான் எஞ்சினுக்கு இழுவை வரும். எட்டரை வைக்கணும். ஏழு வச்சா சந்தை முக்குலயே மூச்சு வாங்கும். ஏத்தின ஜனங்களை இறங்கித் தள்ளச் சொல்வியா?"

"தள்ளினா தள்ளட்டும்."

"மறுநாள் எவனும் ஏற மாட்டான். பொழப்பே போயிடும் தாயே!"

"போனா போகட்டும். அப்புறம் இன்னொண்ணு. முன்சீட்டைத் திரும்ப மாட்டிடுங்க."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டிக்கு இருப்பதே இரண்டு கதவு. பயணிகள் பின்னால் ஏற வழி வேண்டுமே என்று ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டை டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

"டாக்ஸிக்கு முன்சீட்டா? ஜனங்க ஜன்னல் வழியா குதிப்பாங்களா?"

"மாட்டிட்டு நீங்களே உட்கார்ந்து பாருங்க. முழங்கால் இடிக்கக் கூடாது."

"என் முழங்கால் எதுக்கு?"

"இந்தத் தெருவுலயே நெட்டையான ஆள் நீங்கதானே?"

சொல்லிவிட்டு, அவருக்கென்று வாங்கிவந்த தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு நல்ல பொம்பளை இப்படிப் புத்தி கெட்டுப் போவதா என்று மேஸ்திரிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டு உச்சிவரை ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

"என்ன மேஸ்திரி, ரெண்டாம் கியர்லயே பறக்குது?"

"பறக்காம?" மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "ஏழா வச்சேன்? எட்டரை வச்சேன்! உன் பொழப்புல மண் அள்ளிப் போட எனக்கு மனசு வரலை."

மக்ரினாவின் முகம் தொங்கிப்போனது. "முன்சீட்டு?"

"மாட்டிட்டேன். உட்கார்ந்தும் பார்த்தேன். முழங்கால் இடிக்கலை."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள்.

"காரியத்தையே கெடுத்துட்டீங்களே! மறுபடி கழட்டுங்க. கடலோரம் காத்து கனம், அங்க எட்டரையோட போனா எஞ்சின் டொக்கு டொக்குன்னு தட்டியே செத்துடும்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானே?"

"கடலோரமா? யாரு போறா?"

அவள் முன்சீட்டைத் தட்டிக் காட்டினாள். "முழங்கால் இடிக்காதவரு."

மேஸ்திரி சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார். ஒன்பது வருடத்தில் இப்படியொரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. அவசர அவசரமாக ஸ்பானரை எடுத்தவர், தொழில் புத்தி உறுத்த, அப்படியே நின்றார்.

"அது சரி, மக்ரினா... ஏழு வச்சுட்டா, திரும்பி வர்றப்ப இந்த மேடு ஏறாதே?"

"நாம திரும்பி வரணும்னு யாரு சொன்னா?" என்றாள் அவள்.