மழைப் படிப்பு

"பாப்பா, இன்னிக்காவது மழை வருமா, இல்ல நேத்து மாதிரிதானா?"

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சென்னப்பன் ஆரம்பித்துவிட்டார். கேட்டதோடு விட்டாரா? மழைதான் வராதே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு, ராகியை மூட்டையோடு வாசலில் கொட்டிக் காய வைத்தார். என்ன கொழுப்பு பாருங்கள்.

கலைமதி யுனிவர்சிட்டியில் வளிமண்டல அறிவியல் படிக்கிறாள். கடத்தூர்க்காரர்களுக்கு அது மழைப் படிப்பு. லீவுக்கு வந்தவளைப் பார்க்கிறவர்களெல்லாம் மழை எப்போ என்றுதான் கேட்டார்கள். அவளும் லேப்டாப்பில் காற்று, மேகம், ஈரப்பதம் எல்லாம் பார்த்து, இன்னிக்கு வரும் என்றாள். வரவில்லை. மறுநாளும் சொன்னாள். வத்தல்மலையில் கொட்டித் தீர்த்தது. கடத்தூரில் வெயில் மண்டையைப் பிளந்தது.

சென்னப்பனுக்குக் கேட்கவா வேண்டும்? கொசுவுக்காகத் தன் தண்ணீர்த் தொட்டியில் குட்டி மீன்கள் விட்டிருந்தார். "என் தொட்டி மீனு மேல வந்து வாயத் தொறந்தா மழை. அது எந்தக் காலேஜுல படிச்சுது?" என்று டீக்கடை வரைக்கும் பரப்பிவிட்டார்.

கலைமதிக்குத் தாங்கவில்லை. அப்பா பெரியண்ணனிடம் போய் அழுதாள்.

"இன்னிக்குச் சாயந்திரம் கண்டிப்பா வரணும்ப்பா. இதுவும் பொய்யாச்சுன்னா நான் டிபார்ட்மெண்டுக்குத் திரும்பப் போகமாட்டேன். டிசி வாங்கிக்கலாம்."

மகள் படிப்பை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த பெரியண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுவருக்கு மேலே சென்னப்பனின் தலை தெரிந்தது. அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லணுமே! தலையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வானத்தைப் பார்க்கவே பிடிக்காமல், கலைமதி பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் தோழி ஹீனா வீட்டுக்குப் போய்விட்டாள். சாயந்திரம் திரும்பும்போது வழியெல்லாம் புழுதி. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. போச்சு, படிப்பு முடிஞ்சுது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தாள்.

தெரு சொதசொதவென்று கிடந்தது. கூரைகளில் தண்ணீர் சொட்டியது.

சென்னப்பன் நனைந்த ராகிக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "நீ சொன்ன மழை சொன்ன நேரத்துக்கு வந்து என் ராகியப் பூரா நாசம் பண்ணிடுச்சு பாப்பா." அக்கம்பக்கமெல்லாம் ஆமாம், சரியான மழை என்றார்கள்.

கலைமதி மாடிக்கு ஓடினாள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, மழை அளக்க வைத்திருந்தாள். அது வழிய வழிய நிறைந்திருந்தது. அவ்வளவு மழை பெய்திருந்தால் கடத்தூரே மிதந்திருக்கும். குழப்பத்தோடு குனிந்து பார்த்தாள்.

உள்ளே ஒரு குட்டி மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. பாட்டிலோடு இறங்கிப் போய், மீனைச் சென்னப்பனின் தொட்டியிலேயே விட்டாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"காலைல காலேஜுக்குக் கெளம்புறேங்க சித்தப்பா," என்று அவர் காதோரம் சொன்னாள். "அடுத்த தடவை மழை பெய்ய வைக்கறதுக்கு முன்னாடி, ராகிய வாரி உள்ள வெச்சுடுங்க."