அம்மா கேட்ட கேள்விகள்

டாக்டர் முன்னால் அம்மாவை உட்காரவைத்துவிட்டு லியோன் கொட்டித் தீர்த்தான்.

"எல்லாத்தையும் மறந்துடறாங்க டாக்டர். நான் வூட்டுக்குள்ள நுழைஞ்சா, 'யாரு வந்திருக்கறது?'ன்னு கேக்கறாங்க. 'நாந்தாம்மா, உன் மவன் லியோன்'னு கத்தணும். 'இன்னிக்கு என்ன கிழமை, நாம சாப்பிட்டமா'ன்னு பத்து தடவ கேள்வி. பாவம் அப்பா, பக்கத்துல பேசாம உக்காந்திருப்பாரு."

டாக்டர் அரை மணி நேரம் சோதித்தார். அம்மா இசபெல்லா, காலையில் பாலக்கோட்டுக்கு வந்த பஸ்ஸின் நம்பர் வரை தடுமாறாமல் சொன்னாள்.

"இவங்களுக்கு ஞாபகம் நல்லாத்தாங்க இருக்கு."

லியோனுக்குக் கோபம் பொங்கியது. "அப்புறம் ஏம்மா கேட்டுக் கேட்டு உசுர எடுத்த?"

அம்மா தலைகுனிந்தாள். "நான் கேட்டா நீ சத்தமா பதில் சொல்லுவ. அது உங்கப்பா காதுல வுழும். நேரா அவருகிட்ட சொன்னா குறுகிப்போறாருடா. ரெண்டு வருசமா இப்பிடித்தான் ஓட்டறேன்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த அப்பா, லியோனைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார்.

"டாக்டர் சார், எங்க வூட்டம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

லியோன் அம்மாவிடம் திரும்பி உரக்கக் கேட்டான்.

"ஏம்மா, நான் யாரு?"

அந்தப் பதிலுக்காக, அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.