மடிப்பு சாயும் பக்கம்

மூங்கில் தட்டின் மூடியைத் தூக்கியதும் ஆவி குபீரென்று அவன் முகத்தில் அடித்தது.

அவன் கண்ணை மூடவில்லை.

ஆவி விலகியது. உள்ளே டம்ப்ளிங்குகள் வெள்ளை வெளேரென்று, பிறை பிறையாக, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் ஆவியில் வெந்த பாவ் உருண்டையைப் பிய்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் சாப்பிட வரவில்லை. மடிப்பைப் பார்க்க வந்திருந்தான்.

மனைவி வீட்டை விட்டுப் போய் மாதங்கள் ஓடிவிட்டன. அவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். மாவு வட்டத்தில் பூரணம் வைத்து ஓரத்தை மடித்து மூடுவது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இப்படி ஒரு கடையில்தான் வேலை பார்த்தாள். அங்கே தினம் போய் உட்கார்ந்து, அவள் விரல்கள் ஓடுகிற அழகைப் பார்த்துத்தான் அவன் கவிழ்ந்தான். எங்கே போய் ஒளிந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு அவள் இதைத்தான் செய்தாக வேண்டும்.

அதனால் ஊர் ஊராக, கடை கடையாக டம்ப்ளிங். சோயா சாஸ் வாசனை இப்போது அவன் சட்டையிலேயே ஊறிவிட்டது.

முதலில் போட்டோவைத்தான் காட்டிக்கொண்டிருந்தான். போட்டோவைப் பார்த்ததும் கடைக்காரர்கள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைத் தைத்துக்கொண்டார்கள். மடிப்புக்கு அப்படி மறைக்கத் தெரியாது. அது கையெழுத்து மாதிரி.

அவளுடைய மடிப்பு அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். நெருக்க நெருக்கமாக, இடப்பக்கம் சாய்ந்து வரும். முடிகிற இடத்தில், இடது ஓரத்தில், ஒரு கிள்ளு. குட்டிக் காது முளைத்த மாதிரி. வேறு யாரும் அப்படிக் கிள்ளி அவன் பார்த்ததில்லை.

குச்சியால் எடுத்துச் சாப்பிடுவது அவனுக்குப் பிடிபடாது. விரலாலேயே ஒன்றை எடுத்தான். சுட்டது. திருப்பினான்.

காது.



சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடி பத்திரமாக இருந்தது. அன்றைக்கு அதைக்கூட எடுக்காமல் ஓடியிருந்தாள். இத்தனை நாளும் கண் தெரியாமல் எங்கெங்கே தடவினாளோ, பாவம். முதலில் இதை மாட்டிவிட வேண்டும். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். வண்டியைக் கடை வாசலை ஒட்டியே நிறுத்தியிருந்தான். பின்கதவைப் பூட்டவில்லை.

"அக்கா, இத யாரு மடிக்கிறது?"

கல்லாவில் டீ ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரம்மாளின் கை நின்றது. கண நேரம்தான்.

"ஏன் தம்பி, கையாலதான் மடிக்கிறோம். கால்ல இல்ல."

பக்கத்து மேசை சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. அவங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்."

"எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன். உள்ள ஒரே அனல், வெளியாளுங்கள விடறதில்ல."

சமையலறையிலிருந்து தட்டுகளைத் தள்ளிவிட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் மேல்பாதியைத் துணித் திரை மறைத்திருந்தது. கடைக்காரம்மாள் கல்லாவை விட்டு வெளியே வருவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

குனிந்தான்.

முகம் தெரியவில்லை. மாவு படிந்த ஏப்ரனும் இரண்டு கைகளும் மட்டும்தான்.

இடது கை ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிக் கிள்ளி மடித்துக்கொண்டு போயின. வலது கை ஒரு தடித்த துணியுறைக்குள் இருந்தபடி மாவைத் தாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

தன் கையிலிருந்த டம்ப்ளிங்கை அவன் இன்னொரு தரம் பார்த்தான். காது இருந்தது. வலது ஓரத்தில். மடிப்பெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

சே. இடதுகைக்காரி.

அவன் மனைவிக்கு எல்லாமே வலது கைதான். எழுதுவது, தலை சீவுவது, சோறு போடுவது. இடது கையால் ஒரு டம்ளரை நேராகத் தூக்கத் தெரியாது அவளுக்கு.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விரல்கள் பாதி மடிப்பில் அப்படியே நின்றுவிட்டிருந்தன. யாரோ வாடிக்கையாளர் முறைத்துப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அவன் நிமிர்ந்துகொண்டான்.

"என் சம்சாரமோன்னு நெனச்சுட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"உக்காந்து சாப்பிடுங்க தம்பி. ஆறிடப் போவுது."

அவள் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. டம்ளர் நிரம்பி டீ கல்லா முழுக்க வழிந்து கிடந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவன் சாப்பிடவில்லை. பணத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு கடை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பழைய ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. ஏன் போனாள்? அப்படி என்ன நடந்துவிட்டது? ஒரு சண்டை. எந்த வீட்டில் இல்லை? அவள் வெளியே போகப் பார்த்தாள், அவன் கதவைச் சாத்தினான். வலது கையைக் கதவு நிலையில் வைத்திருப்பாள் என்று அவன் கனவா கண்டான்?

முதல் தடவை தெரியாமல்தான் சாத்தினான்.

இரண்டாவது தடவைதான் கொஞ்சம் பலமாகிவிட்டது.

விரல்தானே, இந்நேரம் எல்லாம் கூடியிருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அவன் வண்டியைக் கிளப்பினான்.